இடது பக்கம் கடல்: ஈசிஆரில் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு

ஈசிஆருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பெயர். ஆனால் சென்னைத் திருவான்மியூரில் ஏறி இருபது கிலோமீட்டர் மிதித்தாலும் சாலையிலிருந்து கடல் தெரியாது. மதில் சுவர் தெரியும், பர்னிச்சர் கடை தெரியும், கல்யாண மண்டபம் தெரியும், பிரியாணிக் கடை போர்டு தெரியும். கடல் வீடுகளுக்குப் பின்னால், அரை கிலோமீட்டர் தள்ளி, தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போதுதான் முதன்முதலாகத் தண்ணீர் கண்ணில் படும். அதுவும் உப்பங்கழி.

புதிதாக சைக்கிள் வாங்கி, கடலை ஒட்டியே ஓட்டப்போகிறோம் என்று கிளம்புகிற பலர் இரண்டாவது வாரமே சலித்துப்போவது இதனால்தான். பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போய்விட்டு வந்து, இதற்காகவா ஐந்து மணிக்கு எழுந்தோம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படி ஒரு மாதம் சைக்கிளைத் துணி காயப்போடப் பயன்படுத்தியவன்தான்.

ஈசிஆரை ஒரு மீன் முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். நடு முள் அந்தப் பெரிய சாலை. அதிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் பிரிகிற ஒவ்வொரு தெருவும் ஒரு பக்க முள். நடு முள்ளில் என்ன ருசி இருக்கிறது? ஓட்டுவதற்கு அழகான இடமெல்லாம் அந்தப் பக்கத் தெருக்களில்தான் ஒளிந்திருக்கிறது: வேப்பமரம், காகிதப்பூ தொங்கும் மதில், சவுக்குத் தோப்பின் மிச்சம், முடிவில் மணல், அதற்கப்பால் வங்கக் கடல். பெரும்பாலான தெருக்கள் ஒன்றோடொன்று சேராது. உள்ளே போய், கடலைப் பார்த்து, வந்த வழியே திரும்பி நடு முள்ளில் ஏறி, அடுத்ததில் இறங்க வேண்டும்.

இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊரில் வண்டி இடது பக்கம் ஓடுகிறது. தெற்கே போகும்போது கடலும் இடது பக்கம். ஆகவே சென்னையிலிருந்து போகிற வழியில் எந்தத் தெருவுக்குள் இறங்குவதற்கும், மறுபடி சாலையில் ஏறுவதற்கும் குறுக்கே கடக்கவே வேண்டாம். திரும்பி வடக்கே வரும்போது அதே தெருக்கள் எதிர்ப்பக்கம் போய்விடும். நடுவில் தடுப்பு வேறு. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் போகும்போதே பார்த்துவிட்டு, வரும்போது நேராக வீட்டுக்கு வாருங்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

எப்போது கிளம்புவது

சென்னையில் சூரியன் எழும் நேரம் ஜூன் தொடக்கத்தில் ஐந்தே முக்காலுக்குள், ஜனவரிக் கடைசியில் ஆறரை தாண்டி. எழுவதற்குக் கால் மணி நேரம் முன்பு சாலையில் இருந்தால் போதும். எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயிலும் பள்ளிப் பேருந்தும் ஒன்றாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாமல் இருக்குமே என்று நான்கு மணிக்குக் கிளம்பாதீர்கள். சனிக்கிழமை இரவு ஈசிஆருக்குப் போனவர்கள் வீடு திரும்புகிற நேரம் அது. காரை யார் ஓட்டுகிறார்கள், எந்த நிலையில் ஓட்டுகிறார்கள் என்று தெரியாது. வெளிச்சம் வந்த பிறகு ஞாயிறு நல்ல நாள்தான். சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், கார்காரர்களும் எதிர்பார்த்து ஓட்டுவார்கள். ரேஸ் வைத்துக்கொண்டு போகும் மோட்டார் பைக்குகளும் அன்றுதான் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது புதன், வியாழன்.

மேடு பள்ளம் இல்லாத ஊர் இது. ஏற்றம் என்று சொன்னால் பாலங்களைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மலைக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நம் ஆட்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தது கவிதைக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். சைக்கிள் ஓட்டிய பிறகு அந்த நான்கும் தொடையில் தெரிய ஆரம்பித்தது.

மார்ச்சிலிருந்து மே வரை பெரும்பாலும் தெற்கத்திக் காற்று. போகும்போது எதிர்க்கும், திரும்பும்போது முதுகைத் தள்ளும். களைத்துப்போய் வருகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்குக் காற்று, வலது தோளில் அறையும். உள் தெருக்களில் தெரியாது, பாலத்தில் தெரியும். அக்டோபருக்கு மேல் வடகிழக்குக் காற்று. இதுதான் ஆபத்தானது. போகும்போது பின்னாலிருந்து தள்ளும். மிதிக்கிறோம் என்ற உணர்வே இருக்காது. ஒரு டிசம்பரில் கோவளம் வரை மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துபோய், நமக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டு டீ குடித்தேன். திரும்பினால் வேகம் 14-ஐத் தாண்டவில்லை. பனையூர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பாட்டியிடம் பொரி வாங்கித் தின்றது நினைவிருக்கிறது. வாடைக் காலத்தில் நினைத்த தூரத்தில் பாதியிலேயே திரும்பிவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று சந்தேகமாக இருந்தால் கட்சிக் கொடிகளைப் பாருங்கள். அதற்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

அக்னி நட்சத்திர நாட்களில் ஏழு மணிக்கே திரும்பிவிடுவது நல்லது. மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கடற்கரைப் பக்கம் வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு பல நாள் சாலை ஓரமெல்லாம் மரக்கிளையும் மணலும்தான்.

என்ன சைக்கிள், என்ன சாமான்

கையில் இருக்கிற சைக்கிள் போதும். கியர் இல்லாத பழைய சைக்கிளில் கேரியரில் மீன் கூடையோடு இதே சாலையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால், ரோடு பைக்குக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவான ஹைப்ரிட் வாங்குங்கள். 35 மில்லிமீட்டரை ஒட்டிய டயர் இந்தச் சாலைக்குப் பொருத்தம். உள் தெருக்களில் மணல் இருக்கும். ரோடு பைக்கின் ஒல்லி டயர் அதில் பாம்பு மாதிரி நெளியும். எம்டிபி எனும் மலை சைக்கிளின் டயர் மணலில் சுகம், தாரில் இழுவை.

சீட் உயரம் மட்டும் சரியாக வையுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று தாழ்த்தி வைப்பதால்தான் பலருக்கு முட்டி வலி.

தலைக்கவசம், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இவற்றில் பேரம் இல்லை. பகலிலும் பின் விளக்கை எரியவிடுங்கள். பெல் கட்டாயம், இருபதாயிரத்துக்கு வாங்கும் சைக்கிளில் பெல் இருக்காது, நீங்கள்தான் மாட்ட வேண்டும்.

பஞ்சர் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை கானத்தூர் தாண்டிப் பின் டயர் இறங்கிவிட்டது. ஒரு மாற்று ட்யூப் இருந்தது, டயரைக் கழற்றும் நெம்புகோல் இருந்தது, பம்ப் மட்டும் வீட்டில். பெட்ரோல் பங்க்கில் காற்றடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். என் வால்வு ஒல்லியான பிரெஸ்டா வகை. பங்க்கில் இருப்பது கார், பைக் டயருக்கான பருமனான வாய். சேரவே இல்லை. அடுத்த பஞ்சர் கடையில் அண்ணன் பார்த்துவிட்டு, "இது சிரிஞ்சு மாதிரி இல்ல இருக்கு" என்று சிரித்தார். கடைசியில் ஒரு குட்டியானை சரக்கு வண்டியைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன். இதைத் தடுக்க ஒரு சின்னப் பித்தளை மூடி போதும். பிரெஸ்டா வால்வின் மேல் திருகினால் அது சாதாரண வால்வாகிவிடும். சைக்கிள் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், டீ செலவுதான். வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். சின்ன பம்ப் ஒன்றும் சைக்கிளோடு இருக்கட்டும், ஏனென்றால் காலை ஆறு மணிக்கு எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு. மே மாதம் அதுவும் போதாது. கொஞ்சம் சில்லறை, அடையாள அட்டை, வீட்டில் ஒருவருடைய போன் எண் எழுதிய சீட்டு. அவசரத்துக்கு 108.

முதல் இரண்டு வாரம்: பெசன்ட் நகர், திருவான்மியூர்

ஈசிஆர் பக்கமே போகாதீர்கள். எலியட்ஸ் கடற்கரையில் தொடங்குங்கள். டச்சுக்காரர் கார்ல் ஷ்மிட்டுக்கு எழுப்பிய வெள்ளை நினைவு மண்டபத்தைப் பலரும் சினிமாப் பாட்டில் பார்த்திருப்பீர்கள். கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப்போய் 1930-இல் உயிரை விட்டவர் அவர். அந்தச் சாலையில் காலையில் நடப்பவர்கள்தான் அதிகம், ஓட்டிப் பழக நல்ல இடம். அங்கேயே மூன்று விஷயங்களைப் பழகிவிடுங்கள்: சைக்கிள் விலகாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, ஒரு கையை விட்டுச் சைகை காட்டுவது, ஓடும்போதே தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துத் திரும்ப வைப்பது. பின்னால் பார்க்கத் தெரியாமல் பெரிய சாலையில் ஏறக் கூடாது.

வேளாங்கண்ணி மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில் பக்கமாக வந்து, கலாக்ஷேத்ரா காலனித் தெருக்கள் வழியே தெற்கே இறங்குங்கள். ருக்மிணி தேவி 1936-இல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா நடனப் பள்ளி, 1962-இல் திருவான்மியூருக்கு இடம் மாறியது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மரங்கள் இன்னும் கொஞ்சம் பிழைத்திருக்கின்றன. மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் பூக்கடை, காய்கறி வண்டி என்று நெரிசல். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் கௌரவம் ஒன்றும் குறையாது. அப்புறம் வால்மீகி நகர். கடலுக்குச் செங்குத்தாகப் போகும் சீவர்டு ரோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வந்தால், மீன் முள் முறைக்கு அது நல்ல ஒத்திகை. எல்லாம் சேர்த்து ஒரு சுற்று பத்து கிலோமீட்டருக்குள் முடியும்.

மார்கழியில் இந்தத் தெருக்களில் ஓட்டுவது தனி சுகம். வாசலுக்கு வாசல் கோலம், எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை, முகத்தில் பனி. கோலத்தைச் சுற்றிப்போகப் பழகினாலே ஹேண்டில்பார் உங்கள் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது வாரம்: கொட்டிவாக்கம் முதல் அக்கரை வரை

இப்போது ஈசிஆர். திருவான்மியூரிலிருந்து அக்கரை சுமார் பத்து கிலோமீட்டர். இந்தப் பகுதியில்தான் சாலை விரிவாக்க வேலை நடப்பதால், நேற்றிருந்த ஓரம் இன்று பள்ளமாக இருக்கலாம். சாலையின் விளிம்பை ஒட்டி ஒடுங்காமல், விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெளிவாகத் தெரிவதுதான் பாதுகாப்பு.

கொட்டிவாக்கம், பாலவாக்கம் இரண்டிலும் கடற்கரைத் தெருக்கள் ஏராளம். ஏதாவது ஒன்றில் நுழையுங்கள். எல்லாமே இரண்டு நிமிடத்தில் மணலில் முடியும். நீலாங்கரை கொஞ்சம் வேறு. கபாலீசுவரர் நகரில் கேசுவரினா டிரைவ் என்று ஒரு தெரு இருக்கிறது. கடலுக்கு இணையாக, நிழலோடு, கார் அரவம் இல்லாமல் போகும். பெரிய பெரிய பங்களாக்கள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்கள் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஒரு வணக்கம் வைத்தால் சரியாகிவிடும். "பீச்சுக்கு வழி எதுண்ணே?" என்று அவர்களிடமே கேளுங்கள். எந்தச் சந்து திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சில தெருக்கள் மீனவர் குப்பத்தில் போய் முடியும். அங்கே நடைமுறை வேறு. தெருவே அவர்களுக்கு வேலை செய்யும் இடம். வலை விரித்துக் கிடக்கும், நெத்திலி காயும், படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வலையை மிதிக்காதீர்கள், செயினில் மாட்டினால் உங்கள் செயினும் போகும், அவர்கள் வலையும் போகும், வலை விலை உங்கள் சைக்கிள் விலையைத் தொடும். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். படகு கரையேறும் நேரத்தில் போனால் "கொஞ்சம் கை கொடு தம்பி" என்று கூப்பிடுவார்கள். கொடுங்கள்.

ஜனவரியிலிருந்து இந்தக் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே மாணவத் தன்னார்வலர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான இடத்தில் புதைக்கிறார்கள். விடியலில் மணலில் டிராக்டர் டயர் பதிந்தது போல ஒரு தடம் ஏறி இறங்கியிருந்தால் அது ஆமைத் தடம். செத்து ஒதுங்கிய ஆமைகளையும் பார்க்க நேரலாம். இழுவலையில் மாட்டி மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் போனவை. எது எப்படியிருந்தாலும் மணலில் சைக்கிளை ஏற்றாதீர்கள், ஆமைக்கும் நல்லதல்ல, பேரிங்குக்கும் நல்லதல்ல.

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று 1966-இல் உருவானது. ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கிக் குடியேறிய இடம். நீங்கள் போகும் நேரத்தில் காட்சிக்கூடம் திறந்திருக்காது. அக்கரையோடு திரும்புங்கள். அங்கிருந்து சோழிங்கநல்லூருக்குப் போகும் சாலை பக்கிங்காம் கால்வாயைக் கடந்து ஓஎம்ஆரில், அதாவது பழைய மாமல்லபுரம் சாலையில் சேரும். அந்தப் பக்கம் போய்ச் சுற்றி வரலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். வேண்டாம். ஓஎம்ஆரில் பார்க்க ஒன்றுமில்லை, மோதத்தான் நிறைய இருக்கிறது.

முப்பது கிலோமீட்டர் வலிக்காமல் வந்த பிறகு: கோவளம்

திருவான்மியூரிலிருந்து கோவளம் சுமார் 23 கிலோமீட்டர். உள் தெருக்களையும் சேர்த்தால் போய்வர ஐம்பதைத் தாண்டும். அக்கரைக்குப் பிறகு சாலை அகலம், கடைகள் குறையும், வண்டிகளின் வேகம் கூடும். உத்தண்டி சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. இடது ஓரமாகப் போய்விடலாம். பனையூரில் பனையைத் தேட வேண்டியிருக்கிறது. உத்தண்டி தாண்டி நைனார் குப்பம், கானத்தூர் ரெட்டிக்குப்பம் என்று உள் தெருக்கள் தொடரும். முட்டுக்காட்டுக்கு முன்னால் கரிக்காட்டுக்குப்பம். 2004 சுனாமிக்குப் பிறகு மக்கள் வேறு இடத்துக்குப் போய்விட, கூரையில்லாத வீடுகள் மணலில் நிற்கின்றன. அங்கே கும்பலாகப் போய் செல்ஃபி எடுப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். தனியாகவோ இருட்டிலோ போகும் இடமும் அல்ல.

அப்புறம் முட்டுக்காடு. தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைத் தாண்டிச் சற்று தூரத்தில் பாலம். இதுவரை பொறுமையாக வந்ததற்கெல்லாம் இங்கே கூலி கிடைக்கும். வலது பக்கம் உப்பங்கழி விரிந்து கிடக்கும், இடது பக்கம் முகத்துவாரம், மணல் திட்டு, அதற்கப்பால் கடல். மழைக்காலத்தில் முகத்துவாரம் உடைந்து தண்ணீர் கடலுக்குப் பாயும். கோடையில் மணல் சேர்ந்து மூடிக்கொள்ளும். இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். பாலத்தின் மேலேயே சைக்கிளை நிறுத்தாதீர்கள். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், பின்னால் கார் நூறில் வருகிறது. பாலத்தைக் கடந்து, சாலையை விட்டு நன்றாக இறங்கி நிறுத்திவிட்டு நடந்து வந்து பாருங்கள். பாலத்தில் பக்கக் காற்று பலமாக இருக்கும். ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடிக்கத் தேவையில்லை, தோளைத் தளர்த்தி, உடம்பைச் சற்றே குனிந்துகொண்டால் போதும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோவளத்துக்கு இடது பக்கம் ஒரு சாலை இறங்கும். சின்ன ஊர்தான், ஆனால் மாதா கோயில், தமீமுன் அன்சாரி தர்கா, மீனவர் தெருக்கள் எல்லாம் கூப்பிடு தூரத்துக்குள். இங்கிருந்த கோட்டையை 1752-இல் ராபர்ட் கிளைவ் பிடித்து இடித்தான். அந்த இடத்தில் இன்று நட்சத்திர ஹோட்டல். சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேச நீலக் கொடிச் சான்று இந்தக் கடற்கரைக்கு 2021-இல் கிடைத்தது. கழிப்பறை, குளியலறை வசதி இருக்கிறது. அலைச்சறுக்குப் பலகையோடு உள்ளூர்ப் பையன்கள் கடலில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு இளநீர் குடித்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

குளிர்காலத்தில் தெம்பு மிச்சமிருந்தால், கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் இணைப்புச் சாலையில் சிறிது தூரம் போய்த் திரும்பலாம். இரண்டு பக்கமும் உப்பளமும் கழியும். நாரைகள், கூழைக்கடா, அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் இளஞ்சிவப்பாகப் பூநாரைகள். இந்த மொத்தப் பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஆனால் சாலை குறுகல், பஸ் போகும். காலையில் எதிரே கிழக்கு நோக்கி வருகிற ஓட்டுநரின் கண்ணில் சூரியன் நேராக அடிக்கும் என்பதால் உங்களை அவர் பார்க்காமல் முந்தி ஏறக்கூடும். பளிச்சென்ற சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

மாமல்லபுரத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போய்வர நூறு கிலோமீட்டரை நெருங்கும். மூன்று மாதம் கழித்து நீங்களே போவீர்கள், என்னைக் கேட்க மாட்டீர்கள்.

சாலையில் கவனிக்க வேண்டியவை

பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ்ஸை இடது பக்கம் முந்தக் கூடாது. இறங்குகிறவர்கள் நேராக உங்கள் மேல்தான் இறங்குவார்கள். பொறுத்து நிற்பதில் அரை நிமிடம்தான் போகும். உங்களை முந்திய ஆட்டோ அடுத்த நொடி நிற்கும் என்றே எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். தவறான திசையில் ஓரமாக எதிரே வரும் டூவீலருக்கு நீங்கள் வலது பக்கம் விலகாதீர்கள். வேகத்தைக் குறைத்து உங்கள் கோட்டிலேயே நில்லுங்கள், அவர் விலகுவார்.

மணல் சாலையில் தெரிந்தால் பிரேக் பிடிக்கக் கூடாது, திருப்பவும் கூடாது. மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மிதிக்காமல் நேராக உருண்டு கடந்துவிடுங்கள். நான் விழுந்த இரண்டு முறையும் மணலில்தான், இரண்டு முறையும் முன் பிரேக்கைப் பிடித்ததால்தான்.

நாய்கள். உள் தெருக்களில் உண்டு, விடியலில் அவற்றுக்கு உற்சாகம் அதிகம். வேகமாக மிதித்துத் தப்பிக்க நினைத்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நாலு அடி நடந்தால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். "ச்சீ போ" என்று அதட்டலாம், கல் எடுப்பது மாதிரி குனியலாம். நிஜமாக எறிய வேண்டாம். நாளைக்கும் அதே தெருவில்தான் வர வேண்டும்.

காதில் பாட்டு வேண்டாம். பெண்கள் முதல் சில வாரம் இருவராகப் போவது நல்லது என்று என்னோடு ஓட்டும் அக்கா ஒருவர் சொல்வார்; அதோடு, அவசரத்துக்குப் பெட்ரோல் பங்க் கழிப்பறையைக் கேட்டுப் பயன்படுத்துங்கள், அது பொதுமக்களுக்கும் உரியது என்றும் சொல்வார்.

சாப்பாடு

கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், போகிற வழியில் கடலை மிட்டாய். வெறும் வயிற்றில் முப்பது கிலோமீட்டர் வேண்டாம். திரும்பும் வழியில் இட்லி, பொங்கல், வடை கிடைக்காத இடமே கிடையாது. வடையைக் கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு முன்னால் தின்றால் நெஞ்சிலேயே நிற்கும், வீட்டுக்குப் பக்கத்தில் வந்து தின்னுங்கள். கோடையில் கேழ்வரகுக் கூழ் வண்டியைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். மோர் ஊற்றிய கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய்: வியர்வையில் போன உப்பும் தண்ணீரும் ஒரே சொம்பில் திரும்பிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சாலையோரம் நுங்கு வெட்டுவார்கள். அதைச் சாப்பிட ஓட்டினேனா, ஓட்டியதால் சாப்பிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

வீட்டுக்கு வந்ததும்

கடல் காற்று உப்போடு வரும். சைக்கிளில் அது கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சட்டம், வீல் கம்பிகள், போல்ட்டுகளைத் துடையுங்கள். செயினைக் காய்ந்த துணியால் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் மணலும் மசியும் துணியில் வந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் செயின் பழுப்பேறிவிடும். இதைக் குளிப்பதற்கு முன்பே செய்யுங்கள். குளித்துவிட்டால் யாரும் மறுபடி மசியில் கை வைப்பதில்லை.